பொன்னில் எழுதிய வாசகம்: பண்டை எகிப்திய அணிகலன்களின் வரலாறும் வசீகரமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



அணிகலக் கலையைப் பற்றி ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நிகழவேண்டும் என்று பொருள் ஒதுக்கிவைத்த கொடையாளரின் உள்ளத்தை முதற்கண் வணங்குகிறேன். கோயிலையும் சிலையையும் சித்திரத்தையும் கலையென்று கொண்டாடுகிற நாம், உடம்போடு ஒட்டி வாழ்நாளெல்லாம் உடன்வருகிற நகையை மட்டும் சொத்துக் கணக்கில் சேர்த்துவிட்டு, கலைக் கணக்கில் சேர்க்க மறந்துபோகிறோம். அந்த மறதியை நீக்குவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்கமுடியாது. எனக்களித்த இவ்வேளையில், உலகத்தின் மிகப் பழைய நகை மரபுகளுள் ஒன்றாகிய பண்டை எகிப்திய மரபைப் பற்றியும், அதன் உருவங்கள் பிற்காலத்தாரை மீண்டும் மீண்டும் கவர்ந்த வரலாற்றைப் பற்றியும் சொல்ல விழைகிறேன்.

நைல் நதியின் நடுவேயிருந்த ஃபிலே தீவின் கோயிலில், கி.பி. 394-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஒரு பூசகர் சித்திர எழுத்தில் ஒரு சாசனம் பொறித்தார். இன்று நாம் அறிந்த அளவில் அவ்வெழுத்தின் கடைசிச் சாசனம் அதுவே. அதன்பிறகு கோயில்கள் மூடப்பட்டன, பூசை நின்றது, எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும் மறைந்தார்கள். ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் அந்த எழுத்து ஊமையாய்க் கிடந்தது. ஆயினும், அதே எழுத்தின் உடன்பிறப்புகளாகிய உருவங்கள், அதாவது சாணவண்டும், ஹோரஸின் கண்ணும், அங்க் என்னும் வளையச் சிலுவையும், இறக்கை விரித்த வல்லூறும் இன்றும் மனிதரின் கழுத்திலும் விரலிலும் விளங்குகின்றன. வழிபட்ட சமயம் மறைந்தும் வழிபாட்டுச் சின்னம் மறையாமல் நிற்பதற்குக் காரணம் என்ன? பொன்னின் பளபளப்பு என்று சொன்னால் அது விடையாகாது. பொன் எல்லா நாட்டிலும் பளபளக்கிறது. எகிப்தியரின் நகை வாசிக்கத்தக்க ஒரு வாசகமாக ஆக்கப்பட்டது என்பதும், அந்த வாசகம் மரணத்தை எதிர்த்து நிற்கும் மனிதனின் ஆசையைச் சொல்லிற்று என்பதுமே இதற்குக் காரணம் என்பது என் துணிபு.

1. பொருளும் நிறமும்

எகிப்தில் ஆணும் பெண்ணும் குழந்தையும், அரசனும் உழவனும், ஏன், தெய்வப் படிமமும் நகை அணிந்தனர். உயிரோடிருக்கும்போது காப்பாக அணிந்ததை இறந்தபின்னும் கழற்றவில்லை; மறுமைப் பயணத்தில் ஆபத்து அதிகம் என்று நம்பியதால், பிணத்தின்மேல் காப்புகளைப் பெருக்கினார்கள். துட்டன்காமன் என்னும் இளம் மன்னனின் உடலைச் சுற்றிய துணிமடிப்புகளை 1925-ஆம் ஆண்டு நவம்பரில் அகழ்வாய்வாளர் ஹோவர்டு கார்ட்டர் பிரித்தபோது, அவற்றினுள்ளே 143 பொருள்கள் இருந்தன. தலை, கழுத்து, நெஞ்சு, விரல் என்று எந்தெந்த அங்கத்துக்கு எது காவலோ அது அங்கங்கே வைக்கப்பட்டிருந்தது.

அவர்கள் கையாண்ட பொருள்களுக்கும் ஒவ்வொரு பொருள் உண்டு. பொன் தெய்வங்களின் தசை. வெள்ளி அவற்றின் எலும்பு. நீலக்கல்லாகிய ராஜவர்த்தம் அவற்றின் கூந்தல். பச்சை நிறம் முளைக்கும் பயிரையும் மீண்டெழும் உயிரையும் குறித்தது. சிவப்பு, குருதியையும் கதிரவனின் வேகத்தையும் குறித்தது. பொன் கிழக்குப் பாலைவனத்திலிருந்தும் நூபியாவிலிருந்தும் வந்தது. நீலப்பச்சை நிறமுள்ள பெரோசாக் கல்லைச் சினாய் மலைகளில் வெட்டியெடுத்தார்கள். அங்கே செராபித் எல்-காதிம் என்னுமிடத்தில், அக்கல்லுக்கே தலைவியாக ஹாத்தோர் தேவிக்குக் கோயில் எழுப்பினார்கள். ராஜவர்த்தமோ இன்றைய ஆப்கானிஸ்தானத்தின் பதக்‌ஷான் மலைகளிலிருந்து, பிரமிடுகள் எழும்புவதற்கும் முன்னமே, கைமாறிக் கைமாறி நைல் நதிக்கரையை அடைந்தது. ஒரு நிறத்தை அடைவதற்காக ஒரு சமுதாயம் இத்தனை தூரத்தைக் கடந்திருக்குமானால், அந்த நிறம் அவர்களுக்கு வெறும் அழகுக்காக வேண்டியிருந்ததில்லை என்பது தெளிவு.

இக்கற்களை வாங்க வகையில்லாத எளியவர்களுக்கு ஃபையான்ஸ் என்னும் செயற்கைப் பொருள் உதவிற்று. படிகக்கல்லை மணலாக இடித்து, காரச்சாம்பலும் சுண்ணாம்பும் செம்புத் தூளும் சேர்த்துப் பிசைந்து சுட்டால், மேற்புறம் கண்ணாடிபோல் உருகி நீலப்பச்சையாய் மின்னும். அமர்னா நகரத்து இடிபாடுகளில் இத்தகைய மணிகளையும் தாயத்துகளையும் வார்த்த களிமண் அச்சுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. விலை குறைவானது என்பதால் அதன் மந்திரமும் குறைந்தது என்று எவரும் கருதவில்லை; நிறம் ஒன்றாயிருந்தால் அருளும் ஒன்றே என்பது அவர்கள் கொள்கை. அதனால்தான், பிரமிடு கட்டுவித்த அரசர்களின் கல்லறைகளில் காண்கிற அதே நீலத்தைச் சாதாரணக் குடும்பத்துச் சிறுமியின் கழுத்து மணியிலும் காண்கிறோம்.

2. லாஹூன் பதக்கம்

பொதுப்படச் சொல்வதினும் ஒரே ஒரு நகையை நெருங்கிப் பார்ப்பது நலம். 1914-ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஃபையூம் பிரதேசத்தை அடுத்த லாஹூனில், அகழ்வாய்வாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரியின் குழுவினர் இளவரசி சித்-ஹாத்தோர்-யூனெத்தின் கல்லறையைத் திறந்தனர். பழங்காலத்திலேயே அதைக் கொள்ளையடித்திருந்தார்கள். ஆனால் சுவரிலிருந்த ஒரு மாடத்தைக் கள்வர் கவனிக்கவில்லை. வெள்ளம் கொண்டுவந்த சேறு அதை மூடியிருந்தது. மரப்பெட்டிகள் மக்கி மறைய, மணிகள் மட்டும் சேற்றுக்குள் சிதறிக் கிடந்தன. பெட்ரியின் உதவியாளர் கை பிரண்டன் அந்தக் குறுகிய இடத்தில் இரவும் பகலும் தங்கி, கிடந்த நிலையைக் குறித்துக்கொண்டு, மணியை மணியாக எடுத்துக் கழுவினார். அந்தப் பொறுமையின் பயனாகவே சரடு அறுந்த மாலைகளை மறுபடி கோக்க முடிந்தது. புதையலின் ஒரு பகுதி கைரோவிலும் பெரும்பகுதி நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன.

அவற்றுள் ஒரு மார்புப் பதக்கம், இரண்டாம் செனுஸ்ரத் மன்னனின் பெயர் தாங்கியது, கி.மு. 19-ஆம் நூற்றாண்டுக்குரியது. அகலம் 8.2 சென்டிமீட்டர், உயரம் 4.5. உள்ளங்கைக்குள் அடங்கும் இச்சிறு பரப்பில் 372 கல் துண்டுகள் பதிந்திருக்கின்றன. பொன் தகட்டை உருவத்துக்கேற்ப வெட்டி, மெல்லிய பொற்பட்டிகளை அதன்மேல் விளிம்பாக நிறுத்திப் பொடிவைத்து ஊதி, அவ்வாறு அமைந்த ஒவ்வோர் அறைக்கும் அதன் வடிவத்துக்குச் சரியாகச் சூதுபவளத்தையும் பெரோசாவையும் ராஜவர்த்தத்தையும் கார்னெட்டையும் அறுத்துத் தேய்த்துப் பதித்திருக்கிறார்கள். எஃகு உளி இல்லாத காலத்தில், செம்புக் கருவியையும் மணற்பொடியையும் கொண்டு, வல்லூறின் ஓர் இறகுக்கு ஒரு கல் என்று தேய்த்த அந்தக் கைகளை எண்ணிப் பாருங்கள். அந்தக் கம்மியனின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவன் வேலையில் இன்றைக்கும் ஒரு கல் இடம் தவறியதாகச் சொல்வதற்கில்லை.

இனி அதனை வாசிக்கலாம். இருபுறமும் எதிரெதிராக நிற்கும் வல்லூறுகள் கதிரவக் கடவுளைக் குறிக்கின்றன. அவற்றின் தலைமேல் கதிர்வட்டம். வட்டத்தைச் சுற்றி நாகம். நாகத்தின் கழுத்தில் உயிரைக் குறிக்கும் அங்க். நடுவே நீள்வட்டக் கோட்டுக்குள் மன்னனின் பெயர். அப்பெயரின் நடு எழுத்தே சாணவண்டு. அதன்கீழ் முழந்தாளிட்டிருக்கும் ஹெஹ் என்னும் தெய்வம், பத்து இலட்சமாகிய காலத்தின் அதிதேவதை. ஆண்டுகளைக் குறிக்கும் பனைமட்டைகளை இரு கைகளிலும் பற்றியிருக்கிறது. அதன் கையருகே தொங்கும் தவளைக்குஞ்சு, நூறாயிரம் என்ற எண்ணின் எழுத்து. அடியில், படைப்புக்கு முற்பட்ட ஆதிநீரின் அலைகள். இவ்வளவையும் சேர்த்துப் படித்தால், கதிரவன் இம்மன்னனுக்குப் பதினொரு இலட்சம் ஆண்டு வாழ்வும் ஆட்சியும் அருள்கிறான் என்ற பொருள் பிறக்கிறது. அழகுக்காகச் சேர்த்த கோடு ஒன்றும் இதில் இல்லை. பொருளுக்காகச் சேர்த்த கோடுகள் யாவும் அழகாய் முடிந்திருக்கின்றன.

பின்புறத்தைத் திருப்பினால் வியப்பு இன்னும் மிகுகிறது. அங்கே கல் இல்லை. ஆனால் அதே காட்சி முழுவதும், இறகின் நரம்பு முதலாக, பொன்னில் நுட்பமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு முன்புறம் மட்டுமே தெரியும். அணிந்தவளின் மார்போடு படிவது இந்தப் பின்புறம். ஊரார் பார்க்கும் பக்கத்தில் எழுதியதை உடையவளின் நெஞ்சுக்கு நேராகவும் எழுதிய அந்தக் கம்மியன், காப்பு யாருக்காக என்பதைக் கணமும் மறக்காதவன்.

3. உருவங்களின் கருத்து

சாணவண்டு ஏன் தெய்வமாயிற்று என்று கேட்பவர் உண்டு. அது சாணத்தை உருண்டையாக்கி உருட்டிக்கொண்டு போவதையும், மண்ணுக்குள் புதைத்த உருண்டையிலிருந்து புதிய வண்டு வெளிவருவதையும் எகிப்தியர் பார்த்தார்கள். வானத்தில் கதிர்வட்டத்தை உருட்டும் சக்தியும், இருளுக்குள் போனது மறுநாள் பிறப்பதும் அவர்களுக்கு நினைவு வந்தன. காலைக் கதிரவனைக் கெப்ரி என்ற வண்டுருவாகவே வணங்கினர். இழிந்ததென்று கால் விலகிப்போகும் பொருளில் பிறப்பின் இரகசியத்தைக் கண்ட அந்தப் பார்வையை நான் பெரிதும் போற்றுகிறேன்.

இறந்தவரின் நெஞ்சின்மேல் பச்சைக் கல்லில் செய்த பெரிய வண்டு ஒன்றை வைப்பது வழக்கம். அதன் அடிப்புறத்தில் ஒரு மந்திரம் இருக்கும்: ஓசிரிஸ் தெய்வத்தின் தருமசபையில் இதயத்தைத் தராசில் நிறுக்கும்போது, அந்த இதயமே தன் உடையவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடக்கூடாது என்பது அதன் வேண்டுகோள். தன் குற்றத்தைத் தன் இதயம் அறியும் என்ற அச்சம் எந்த நாட்டு மனிதனுக்கு இல்லை? மனச்சாட்சியைப் பற்றிய இவ்வளவு ஆழ்ந்த எண்ணத்தை ஒரு நகைக்குள் வைத்த மக்கள், நகையை எவ்வளவு பாரமான காரியத்துக்கு உரியதாக நினைத்திருக்கவேண்டும்!

ஹோரஸின் கண்ணோ, சேத் என்பவனோடு நடந்த போரில் சேதமுற்று, தோத் என்னும் அறிவுத் தெய்வத்தால் குணமாக்கப்பட்ட கண். ஆகையால் அது பூரணத்தையும் ஆரோக்கியத்தையும் குறித்தது. காயம்பட்டு ஆறிய கண் என்பதனாலேயே காயம்பட்டவர்க்கு அது ஆறுதலாயிற்று. ஐசிஸ் தேவியின் முடிச்சு சிவப்புக் கல்லில் அமையவேண்டும் என்றும், ஓசிரிஸின் முதுகெலும்பாகிய தூண் பொன்னில் அமையவேண்டும் என்றும் இறந்தோர் நூல் விதி வகுத்திருக்கிறது. உருவம், நிறம், பொருள் மூன்றும் ஒத்தால்தான் வாசகம் பூர்த்தியாகும் என்பது அவர்கள் இலக்கணம்.

4. பிற்காலத்தார் கண்ட எகிப்து

இவ்வுருவங்கள் எகிப்தின் எல்லைக்குள் நின்றுவிடவில்லை. பினீசியரும் கிரேக்கரும் எத்ருஸ்கரும் வண்டுருவ முத்திரைகளைத் தம் பட்டறைகளிலேயே செய்தனர். ரோமானியர் எகிப்தைக் கைப்பற்றுவதற்கு முன்னரே ஐசிஸ் வழிபாடு பொம்பெயி வரையில் பரவியிருந்தது. எகிப்தியக் கிறிஸ்தவர்கள் அங்க் உருவத்தையே தங்கள் சிலுவையின் ஒரு வடிவமாக ஏற்றுக்கொண்டனர்.

நவீன ஐரோப்பாவின் மோகம் நெப்போலியனின் 1798-ஆம் ஆண்டுப் படையெடுப்போடு தொடங்கியது. படையோடு சென்ற அறிஞர்கள் வரைந்த சித்திரங்கள் 1809 முதல் பெரிய தொகுதிகளாய் வெளிவந்தன. 1822-ல் ஷாம்போலியன் என்னும் அறிஞர் சித்திர எழுத்தின் மர்மத்தை அவிழ்த்தார். 1859-ல் தீப்ஸ் நகரத்தில் அரசி அஹ்ஹொத்தெப்பின் சவப்பெட்டி கிடைத்தது. அதிலிருந்த நகைகளை மாகாண அதிகாரி கைப்பற்றிக் கைரோவுக்கு அனுப்ப, தொல்பொருள் துறைத் தலைவர் ஒகுஸ்த் மரியெத் நதியிலேயே படகை மறித்து மீட்டார். வீரத்துக்குப் பரிசாகக் கருதப்படும் மூன்று பொன் ஈக்கள் அவற்றுள் சேர்ந்தவை. 1867-ல் பாரிஸ் கண்காட்சிக்கு அந்நகைகள் சென்றபோது, பிரெஞ்சுச் சக்கரவர்த்தினி யூஜெனி அவற்றைத் தமக்கு வேண்டுமென்று கேட்டார். எகிப்தின் ஆட்சியாளர் கெதிவ் இஸ்மாயில் மரியெத்தைக் கேட்கும்படி சொல்லிவிட்டார். பிரெஞ்சுக்காரராகிய மரியெத், தம் நாட்டு அரசியின் கோரிக்கையையே மறுத்தார். அந்த மறுப்பினால்தான் அஹ்ஹொத்தெப்பின் நகைகள் இன்றும் எகிப்தில் இருக்கின்றன. நகையின் வரலாற்றில் செய்தவர்களையும் அணிந்தவர்களையும் போலவே, காத்தவர்களுக்கும் ஓர் இடம் உண்டு.

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1871-ல் கைரோவில் வெர்தியின் ‘அயீதா’ இசைநாடகம் அரங்கேறியது. ஐரோப்பியப் பொற்கொல்லர் தாமரையும் வண்டும் இறக்கைவட்டமும் கொண்ட நகைகளைப் பெருக்கினார்கள். ஆனால் வடிவத்தைக் கண்டவர்கள் எல்லாரும் வாசகத்தைக் காணவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், 1884-85-ல் கிரான்வில் சீமாட்டிக்காகச் செய்த ஒரு நகைத்தொகுதி உண்டு; அதில் உண்மையான பூச்சிகள் 46 பொன்னில் பதிக்கப்பட்டிருக்கின்றன. பச்சையாய் ஜொலிக்கும் அப்பூச்சிகள் தென் அமெரிக்காவின் கூன்வண்டுகள்; சாணத்தை உருட்டுவதுமில்லை, கதிரவனோடு உறவு கொண்டதுமில்லை. செய்நேர்த்தி மிக உயர்ந்தது. வாசகம் மட்டும் உதிர்ந்துவிட்டது.

1922-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் துட்டன்காமன் கல்லறையின் முதற்படி வெளிப்பட்டதும், முன்பு கண்டிராத அளவில் அலை எழுந்தது. பாரிஸின் வான் கிளீஃப் நிறுவனத்தார் மாணிக்கத்தாலும் மரகதத்தாலும் நீலத்தாலும் சித்திர எழுத்து உருவங்களைக் கங்கணங்களில் அமைத்தனர். லூயி கார்ட்டியே, பழம்பொருள் வணிகரிடம் வாங்கிய உண்மையான ஃபையான்ஸ் துண்டுகளை வைரங்களுக்கும் பிளாட்டினத்துக்கும் நடுவே பதித்தார். பண்டைய எளியவர் ஒருவரின் காப்பாக இருந்திருக்கக்கூடிய நீலத்துண்டு, செல்வச் சீமாட்டியின் மார்பில் புதுப் பிறவி எடுத்தது. நேர்கோடும் தூய நிறமும் அக்காலத்துக் கலைஞர்கள் தேடிய பண்புகள். அவை எகிப்தில் ஆயத்தமாக இருந்தன. அந்த நகைகளின் அழகை நான் மறுக்கவில்லை. ஆயினும், மரியெத் மறுத்ததை அடுத்த தலைமுறை வணிகர்கள் துண்டு துண்டாக விற்றார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. இடத்தையும் உடையவரையும் குறித்துவைக்காமல் எடுத்த பொருள், தன் வரலாற்றில் பாதியை இழந்தே நம்மிடம் வருகிறது.

பிறகு இவ்வுருவங்கள் செல்வர் வீட்டை விட்டுப் பொதுமக்களிடம் சேர்ந்தன. அமெரிக்காவின் கறுப்பின மக்கள் ஆப்பிரிக்காவின் பெருமையை நினைந்து அங்க் அணியத் தொடங்கினர். கைரோவின் கான் எல்-கலீலி கடைவீதியில், வருவோர் பெயரைச் சித்திர எழுத்தில் வெட்டி நீள்வட்டத்துக்குள் அமைத்துத் தருகிறார்கள். அக்கடைவீதியின் பட்டறைகளில், பெண்கள் நுழையாத காலத்தில், தொழில் பயின்ற அஸ்ஸா ஃபாஹ்மி, எகிப்தின் பழைய உருவங்களுக்கு எகிப்தியர் கையாலேயே புத்துயிர் தந்தார்.

5. வசீகரத்தின் காரணமும் நம் கடமையும்

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது வரலாம். ஒவ்வொரு காலமும் எகிப்திடமிருந்து தன் கண்ணுக்குத் தெரிந்ததையே எடுத்துக்கொண்டது: ஒரு காலம் விநோதத்தை, ஒரு காலம் வடிவத்தை, ஒரு காலம் நிறத்தை, ஒரு மக்கட்கூட்டம் தன் முன்னோரின் மாண்பை. எடுக்க எடுக்கக் குறையாததற்குக் காரணம், அடியில் நிற்கும் கருத்து எல்லார்க்கும் பொதுவானது என்பதே. என் பெயர் அழியக்கூடாது; என் கண் மீண்டும் பார்க்கவேண்டும்; இருளுக்குள் போனபின் நானும் விடிய வேண்டும்; என் நெஞ்சு என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது. இந்த நான்கு வேண்டுதல்களையும் வண்டாகவும் கண்ணாகவும் பெயர்வட்டமாகவும் சுருக்கி, கையில் அணியும் அளவுக்கு அடக்கிய திறமை எகிப்தியருடையது.

இந்த வாசகத்தைப் படிக்காதவர் கையில் நகை என்ன ஆகிறது என்பதற்கும் சரித்திரம் சான்று வைத்திருக்கிறது. ஒன்பதாம் ராமசேஸின் 16-ஆம் ஆட்சியாண்டில் நடந்த விசாரணையில், ஒரு மன்னனின் கல்லறையைக் கொள்ளையிட்ட கல்தச்சன், பிணத்தின்மேலிருந்த பொன்னை உரித்துச் சவப்பெட்டிகளுக்குத் தீவைத்ததாக ஒப்புக்கொண்டான். கிடைத்த பொன் 160 தெபென் என்று எடை சொன்னான். அவன் வாயிலிருந்து வந்தது நிறை மட்டுமே. 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில், கைரோ அருங்காட்சியகத்தின் பராமரிப்புக் கூடத்திலிருந்து அமெனெமோப் மன்னனின் பொற்கங்கணம் ஒன்று களவாடப்பட்டு, உருக்கப்பட்டது. ஏறத்தாழ 3,000 ஆண்டுகள் நிலைத்த ஒரு வாசகம், சந்தை விலைப் பொன்னாக முடிந்தது. அப்பொன் உலகில் எங்கோ இன்னும் இருக்கிறது, கங்கணம் இல்லை. நகையின் மதிப்பு எதில் இருக்கிறது என்பதற்கு இதைவிடக் கொடிய நிரூபணம் வேண்டியதில்லை.

ஆகையால், அணிகலக் கலை பயிலும் மாணவர்களுக்கு நான் வைக்கும் விண்ணப்பம் இதுதான். பிறநாட்டு உருவத்தைக் கையாள்வது குற்றமன்று. கலை எப்போதும் எல்லை கடந்தே வளர்ந்திருக்கிறது. ஆனால் ஓர் உருவத்தைப் பொன்னில் இடும்முன் அது என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த மண்ணிலிருந்து வந்தது, யார் அணிந்தார், எதற்கு அஞ்சி அணிந்தார் என்று விசாரியுங்கள். பழைய நகையொன்று பட்டறைக்கு அழிக்க வருமானால், உலையில் இடும்முன் அதன் சித்திரத்தையும் அளவையும் செய்முறையையும் குறித்துவையுங்கள். நிறுக்கத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் தாம் அரியர். அவர்கள் தொகை ஆண்டுக்கு ஒருவராலாவது கூடுமானால், இவ்வறக்கட்டளையை நிறுவியவரின் பொருள் மிக நல்ல வழியில் செலவானதாகும்.